திருப்புட்குழி ஷெட்டில் முப்பத்து நான்கு பேர்

முசரவாக்கம்,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள துர்காவுக்கு,

உன் அண்ணன் உதயகுமார் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மார்கழிக் குளிரோடு போயிருக்க வேண்டிய முழங்கால் வலி மட்டும் போகாமல் என்னோடு தங்கிவிட்டது. உன் தலைவலி எப்படி இருக்கிறது?

பொங்கலன்று போனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு உன் அண்ணிதான் இந்த யோசனையைச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷம் பேசினா மூணாவது நிமிஷம் கத்திக்கினு இருக்கீங்க. எழுதித்தான் பாருங்களேன்" என்றாள். அதுவும் சரிதான். கடிதத்தில் கத்தினால் மறுநாள் காலையில் கிழித்துப் போட்டுவிடலாம். நீ நான்கு வருடமாக ஊருக்கு வராததைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

கம்பெனியில் புதிதாக ஒரு தொல்லை. முதலாளி மாணிக்கவாசகத்தின் மகன் குமரகுரு மேல்படிப்பு முடித்து வந்திருக்கிறான். பட்டுப் புடவைக் கடைகளுக்கு இருபத்தெட்டு வருடமாக அட்டைப்பெட்டி செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அது போதாதாம். 2030-ல் நம் கம்பெனி எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் எழுத வேண்டுமாம். இதே முசரவாக்கம் ரோட்டில்தான் இருக்கும் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சென்னையிலிருந்து கலைவாணன் என்று ஓர் ஆலோசகர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். பிரிவுத் தலைவர்கள் ஆளுக்கு ஓர் ஐந்தாண்டுத் திட்டம் எழுதித் தர வேண்டும். மெஷின் பிரிவு சரத்குமாருக்கு. எனக்குத் திருப்புட்குழி ஷெட். பெட்டிக்குள் துணி ஒட்டி, மேலே தங்கக் காகிதம் சுற்றிக் கையால் முடிக்கும் வேலை இன்னும் அங்கேதான் நடக்கிறது. அம்மா போன பிறகு நமக்குச் சோறு போட்ட சித்தியின் கை இன்னும் அந்தப் பசைச் சட்டியில்தான் இருக்கிறது. நீயும் கல்லூரி லீவுகளில் அங்கே ஒட்டியவள்தான்.

நீ புனேயில் திட்டம் போடுவதற்கே சம்பளம் வாங்குகிறாய். எப்படி எழுதுவது என்று கொஞ்சம் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
உதயா

*

புனே,
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. நான் நலம், தலைவலியும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு காலம் தள்ளாமல் டாக்டரைப் பார். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

கம்பெனிகள் திட்டம் போடுவதைப் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். முதலில் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நாம் யார் என்று கேட்பார்கள். யாருக்கும் தெரியாது. பிறகு நான்கு கட்டம் போட்டு நம் பலம், பலவீனம் என்று எழுதச் சொல்வார்கள். பலத்தில் 'நம் ஊழியர்கள்' என்று வரும். பலவீனத்தில் 'ஊழியர் செலவு' என்று வரும். இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கடைசியில் ஐந்து வருடத்துக்கு எண்கள் போடுவார்கள். முதல் வருடத்து எண்ணில் கொஞ்சம் உண்மை இருக்கும், ஐந்தாம் வருடத்தில் வெறும் ஆசைதான். டிசம்பரில் அதைப் புத்தகமாக்கி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆகஸ்டில் மறுபடியும் நாம் யார் என்று ஆரம்பிப்பார்கள்.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. ஆனால் உனக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். உன் முதலாளி மனதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார். எல்லாத் திட்டமும் அங்கிருந்துதான் தொடங்கும், சுற்றிவிட்டு அங்கேயேதான் போய் நிற்கும்.

சித்தி கண் ஆபரேஷன் செய்துகொண்டதா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். பிறகு ஏன் வரவில்லை என்று அழும்.

துர்கா

*

முசரவாக்கம்,
9 மார்ச் 2025

அன்புள்ள துர்காவுக்கு,

நலம்தானே. சித்தி ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடித்துவிட்டது. இன்னொன்றுக்கு ஆவணி ஆகட்டும் என்கிறது. நீ கேட்டதை நான் சொல்லவில்லை. ஆனால் அதுவே என்னிடம், "துர்கா கேட்டுச்சா?" என்றது. நான் என்ன செய்ய, தலையை ஆட்டிவிட்டேன்.

போன வாரம் முதலாளியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரை மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், திட்டம் போட. கலைவாணன் ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்து, கம்பெனியின் பெரிய பலம் எது என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். பேர் போட வேண்டாம், பயப்படாமல் எழுதுங்கள் என்றார். பெட்டி ஒட்டிப் பிழைக்கிற எங்களுக்கு ஒரு சீட்டு ஒட்டத் தெரியவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எழுதாமல் யார் எழுதுவது? கால் மணி நேரம் கழித்து அவர் எழுந்துபோய் 'தரம்' என்று எழுதி ஒட்டினார். உடனே மற்றப் பதினோரு பேரும் 'தரம்' என்று எழுதி அவர் சீட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒட்டினோம். கலைவாணன் சுவரைப் போட்டோ எடுத்து, 'ஒருமித்த கருத்து' என்று தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு வட்டம் வரைந்தார். உள்வட்டத்தில் இருப்பவை முக்கியத் தொழில், வெளியே இருப்பவை அப்படி இல்லை. திருப்புட்குழி ஷெட் வெளியே இருந்தது. "அப்போ எல்லாத்தையும் மெஷின்லயே முடிச்சிடலாமே சார்" என்றான் குமரகுரு. முதலாளி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஷெட்டை மூடிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது துர்கா. அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, வேறு எங்கே போவார்கள். மூடாமல் இருக்கும்படி நான்தான் எழுதியாக வேண்டும். ஆவணி பிறப்பதற்குள் தர வேண்டும். உடனே பதில் எழுது.

உதயா

*

புனே,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இனிமேல் ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே, கடிதங்கள் தொலைந்துபோகின்றன. உறைக்குப் பின்னால் வீட்டு முகவரி எழுதியிருக்கிறேன்.

ஷெட்டைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், வெளியே சொல்லமாட்டார்கள். ஒரு திட்டம் எழுதாதே, மூன்று எழுது. முதல் திட்டம் கொடூரமாக இருக்க வேண்டும்: ஷெட்டை மூடு, எல்லோரையும் அனுப்பு. மூன்றாவதில் எதையுமே மாற்றாதே. இரண்டுக்கும் நடுவே நீ விரும்புவதை வை. கல்யாணக் கடைகளுக்கு உயர்ந்த ரகப் பெட்டி மட்டும் ஷெட்டில், மற்றதெல்லாம் மெஷினில் என்று எழுது. முதலாளிகளுக்குக் கொடூரம் என்றால் கூச்சம், சும்மா இருப்பது என்றால் வெட்கம். அதனால் நடுவில் இருப்பதைத்தான் எடுப்பார்கள். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட இது தப்பியதில்லை.

இங்கே வெயில் அதிகம். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.

துர்கா

*

முசரவாக்கம்,
12 மே 2025

அன்புள்ள துர்காவுக்கு,

நலமா? பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறாய் என்றால் லீவா? ஒரு வாரம் இங்கே வந்திருக்கலாமே. சரி, சண்டை வேண்டாம்.

நீ சொன்ன மாதிரியே மூன்றாக எழுதத் தொடங்கினேன். முதல் திட்டத்துக்கு ஷெட்டில் எத்தனை பேர் என்று எண்ணிக்கை வேண்டியிருந்தது. ஆபீசில் அது இல்லை. பெட்டி எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் ஆட்களை இதுவரை யாரும் எண்ணியதே இல்லை. திருப்புட்குழிக்குப் போய்ச் சித்தியின் வருகை நோட்டைக் கேட்டேன். கடைசி வரிசை எண்ணைப் பார்த்தேன், முப்பத்து நான்கு. குறித்துக்கொண்டேன். "எதுக்குப்பா?" என்றது. "சும்மா ஆபீசுக்கு" என்றேன். மோர் கொடுத்தது, குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் திட்டம் நம்பும்படி இருக்க வேண்டும் அல்லவா, அதனால் ஷெட் போன பிறகு எல்லா வேலையும் ஒரே தலைமையின் கீழ் வரும், ஒரு பொது மேலாளர் தேவைப்படுவார் என்று எழுதினேன். அந்த இடத்துக்கு என் பெயரைப் போட்டிருக்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

உதயா

*

புனே,
3 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

நலம். லீவுதான், கொஞ்சம் பாக்கி இருந்தது.

முதல் திட்டத்தை அவ்வளவு நன்றாக எழுதாதே. நன்றாக எழுதினால் எழுதியவனே நம்பிவிடுவான். நடுத் திட்டத்தை முதலில் முடித்துக் கையில் வைத்துக்கொள். அதிகம் எழுத முடியவில்லை, தூக்கம் சரியில்லை. அண்ணியையும் சித்தியையும் விசாரித்ததாகச் சொல்.

துர்கா

*

முசரவாக்கம்,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள துர்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. நீ சொன்னதைக் கேட்காமல் போனேன்.

முதல் திட்டத்தைத்தான் முதலில் முடித்தேன். எழுத எழுதக் கை தானாக ஓடியது, ஒளிப்பதற்கில்லை. நடுத் திட்டத்தில் பாதி அட்டவணை காலியாகக் கிடந்தது. இருக்கட்டும் என்று முதலாவதை மட்டும் பிரிண்ட் எடுத்து, பைண்டு போட்டு என் மேஜைமேல் வைத்திருந்தேன்.

முதலாளியின் வழக்கம் உனக்குத் தெரியும். புது மெஷின் சாவியானாலும் பில் புத்தகமானாலும் கிருத்திகையன்று குமரகோட்டத்தில் முருகன் பாதத்தில் வைத்து எடுத்த பிறகுதான் கம்பெனிக்குள் வரும். ஆடிக் கிருத்திகையன்று காலையில் நான் வருவதற்கு முன்பே அவர் ஆபீசுக்கு வந்திருக்கிறார். சரத்குமாரின் திட்டத்தையும் என் மேஜைமேல் இருந்த திட்டத்தையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

நேற்றுக் கூட்டத்தில் அது தட்டில் வந்தது. அட்டையில் குங்குமம், உள்ளே விபூதி, ஓரத்தில் ஒரு துண்டு மல்லிகைச் சரம். "சாமி பாதத்துல வெச்சு எடுத்தாந்துட்டேன்பா. இனிமே இதுல ஒரு எழுத்து மாத்தக் கூடாது" என்றார். கலைவாணன் அப்போதும் ஏதோ விவாதம், திருத்தம் என்று ஆரம்பித்தார். குமரகுருவே அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டான். தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது, எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என்னிடம் வந்தபோது நானும் ஒற்றிக்கொண்டேன் துர்கா. இது நிஜத் திட்டமே இல்லை, இன்னும் இரண்டு இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்திலிருந்த சரத்குமார், "வாழ்த்துகள் பொது மேலாளர் சார்" என்று கை கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் ஷெட்டை மூடுவதாக அதில் நானே தேதி போட்டிருக்கிறேன். சித்தியிடம் எப்படிச் சொல்வது? என்ன செய்வது என்று எழுது.

உதயா

*

புனே,
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

இந்தத் தடவை நலம் விசாரிக்க நேரமில்லை. தப்பு என்னுடையது. அந்தத் தந்திரத்தை நான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. அது தப்பியதே இல்லை என்று எழுதினேனே, யாருக்குத் தப்பவில்லை என்று எழுதவில்லை.

முதலாளியிடம் போய் உண்மையைச் சொல். பதவி போனால் போகட்டும். ஒரு காகிதத்தில் நாம் வெறும் எண்ணாக இருப்பதை இன்னொருவர் வாசிக்கக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதே. சித்தி அதை ஆபீஸ் ஆள் வாயால் கேட்க வேண்டாம், உன் வாயால் கேட்கட்டும்.

துர்கா

*

முசரவாக்கம்,
30 செப்டம்பர் 2025

அன்புள்ள துர்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுதாததற்கு வேலை காரணமில்லை. நான் போகவில்லை, அதுதான் காரணம். காலையில் சட்டை போடும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சாயந்திரம் நாளைக்கு என்று நினைப்பேன். புதிய அறைக்கு என் நாற்காலியை மாற்றினார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது வருடம் ஷெட்டுக்கும் ஆபீசுக்கும் வண்டியில் அலைந்தவன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. இதை உன்னிடம் எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமைதான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று திட்டம், நடுவில் இருந்தது, நீ சொல்லிக் கொடுத்தது, எல்லாம். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உதயா, நான் அதைப் படிக்காமயா கோயிலுக்கு எடுத்துக்கினு போனேன்? நீ மூணு எழுதிக்கினு இருக்கேன்னு சரத் சொல்லிட்டான். ரெண்டாவதைப் படிச்சா மனசு மாறிடுமோன்னுதான் கெடைச்சதை எடுத்துக்கினு கிளம்பினேன். ஷெட்டு விஷயம் பொங்கலுக்கே முடிவு பண்ணதுபா."

"அப்போ இந்த ஆலோசகர், மாமல்லபுரம், இதெல்லாம் எதுக்குங்க?"

"நான் மூடறேன்னு சொன்னா முப்பது வீட்டு ஆளுங்க என் வாசல்ல வந்து நிப்பாங்க. திட்டம் சொல்லுதுன்னா கொஞ்சம் பேர் வருவாங்க. சாமி பாதத்துல வெச்சதுன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. எனக்கும் வயசாவுதுபா, பதில் சொல்லிக்கினு இருக்கத் தெம்பில்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரைப் பார்த்தால் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் மேஜைக்குப் பின்னால் ஒளிந்தேன், அவர் சாமிக்குப் பின்னால். பொது மேலாளர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பங்குனி வரைக்கும் ஷெட்டிலேயே இருக்கிறேன் என்றேன். சரி என்றார். நாற்காலி சரத்குமாருக்குப் போய்விட்டது.

மறுநாள் சித்தியிடம் சொன்னேன். ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை ஒட்டி முடித்துக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசியது.

"அந்தப் பேப்பர்ல எங்க பேரெல்லாம் போட்டுக்குதா?"

"பேரு இல்ல சித்தி. முப்பத்தி நாலு பேருன்னு நம்பர்தான்."

"முப்பத்தி நாலா? நாங்க முப்பத்தி மூணு பேருதானேப்பா."

நான் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினேன். முப்பத்து மூன்று பேருக்கு நேரே வந்த நாள், வராத நாள் எல்லாம் இருந்தது. முப்பத்து நான்காவது வரிசையில் துர்காதேவி என்று சித்தியின் கோணல் எழுத்து. பக்கம் முழுக்க ஒவ்வொரு நாளுக்கும் 'லீவு'. பழைய நோட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். 2012 ஜூனிலிருந்து மாதாமாதம் எல்லா நாளுக்கும் லீவு போட்டிருக்கிறது. நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கும்போதெல்லாம் உன் பேரைக் கடைசியில் எழுதியிருக்கிறது.

"இன்னா சித்தி இது?" என்றேன்.

"அவ வேலைய வுட்டுட்டேன்னு சொல்லிட்டா போனா? படிச்சுட்டு வரேன்னுதானே போனா. போன எடம் சரிப்படலன்னா திரும்பி வரணுமில்ல. பேரை எடுத்துட்டா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வருவா?"

அந்த எண்ணைத்தான் நான் திட்டத்தில் போட்டேன். உன்னிடம் சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நமக்குள் சொல்லாமல் விட்டது போதும் என்று எழுதிவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகக் கேட்கிறேன், உண்மையாக எழுது.

உன் அண்ணன்,
உதயா

*

புனே,
8 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

உண்மையாக எழுதுகிறேன். நலமில்லை. மார்ச் மாதக் கடைசியிலிருந்து எனக்கு வேலை இல்லை. ஆபீசில் கடிதம் தொலைவதாக எழுதியது பொய். ஆபீசில் தொலைந்தது நான்தான்.

எங்கள் திட்டப் பிரிவை மும்பைத் தலைமை அலுவலகத்தோடு சேர்ப்பது என்று முடிவாயிற்று. அது நான் எழுதிய திட்டம். மூன்றில் நடுவில் இருந்தது. எப்போதும்போல அதைத்தான் எடுத்தார்கள். 'ஒன்பது பணியிடங்கள்' என்று நான்தான் தட்டச்சு செய்தேன். எனக்கு மும்பையில் இடம் இருக்கும், போகிறவர்கள் மற்ற எட்டுப் பேர்தான் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். அவர்களோடு தினமும் ஒரே மேஜையில் சாப்பிட்டேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்பதும் சரியாக இருந்தது. நீ மோர் குடித்துவிட்டு வந்ததைப் பற்றி எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். என்னைவிட நீ மேல் என்று எழுதத் தோன்றியது, அதற்கும் தைரியமில்லை.

வேலையில் இருந்தபோது நேரமில்லை என்று வரவில்லை. வேலை போன பிறகு முகமில்லை என்று வரவில்லை. அந்த நோட்டைப் பற்றிப் படித்த பிறகு இங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்கிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும். படித்ததும் போன் செய்யாதே, மூன்றாவது நிமிஷம் கத்துவோம். பங்குனி வரைக்கும் ஷெட் இருக்கிறது அல்லவா, அது போதும். அதற்குப் பிறகு என்ன என்பதற்கு என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. தங்கக் காகிதத்தின் மூலை மடிப்பது மறந்திருக்கும், சித்தி திட்டினால் திட்டட்டும்.

உன் எண்ணிக்கையைத் திருத்த வேண்டாம், முப்பத்து நான்கு சரிதான். சித்தியிடம் மட்டும் சொல்லிவிடு, திங்கட்கிழமை என் பேருக்கு நேரே லீவு போட வேண்டாம்.

துர்கா